ஜம்மென்று இருந்த பெவ் ஆஷ்வொர்த்

ஃப்ளீட்வுட் என்ற கடலோர ஊரை விட்டு கிரெய்க் போனது ஏப்ரல் மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. பிங்கோ அரங்கத்தில் கடைசி ஆட்டம் அதற்கு முந்தின நாள் மாலைதான் முடிந்திருந்தது. மேலாளராக இருந்த அவன் சாவியை ஒப்படைத்தான். வரவேற்பறையில் இருந்த மீன் தொட்டியைத் தன் காரின் பின்சீட்டில் ஏற்றி, கைக்குழந்தைக்குப் போடுவதுபோல அதற்கு பெல்ட் மாட்டினான். மீன்கள் ஒரு வாளியில் முன்பக்கம் இருந்தன. ஸ்டோக்கில் ஒரு ஜிம்மில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது.

வழியனுப்ப வந்தவள் பெவ் ஒருத்திதான். பெவர்லி ஆஷ்வொர்த், அந்த அரங்கத்தில் எண் வாசித்தவள். வாரத்தில் மூன்று மாலையும் சனிக்கிழமையும் மேடையில் ஏறி, குலுக்கலில் வரும் பந்தின் எண்ணைச் சொல்வது அவள் வேலை; கூட்டம் தன் சீட்டில் அந்த எண்ணை அடிக்கும். பகுதிநேர வேலைதான், ஆனால் பத்தொன்பது வருஷமாகச் செய்தது. அவள் வாயைத் திறந்தால் அரங்கத்தில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். இருபத்திரண்டு என்று சொன்னால் மட்டும் கூட்டம் மொத்தமும் வாத்து மாதிரி கத்தும். இரண்டு இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் வாத்து ஜோடி மாதிரி இருக்கிறதாம். அந்தச் சத்தம் அடங்கும்வரை இடுப்பில் கை வைத்துக் காத்திருந்து அடுத்த எண்ணுக்குப் போவாள்.

அந்தக் குரல்தான் இப்போது போயிருந்தது. மார்ச்சில் தொண்டையில் ஒரு கட்டியை அறுத்து எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை. ஆனால் கோடை வரும்வரை உரக்கப் பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். உலகத்துக்கே தொண்டை மிட்டாய் செய்து அனுப்புகிற ஊர் அது. தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் அவள் கையில் ஒரு பொட்டலம் திணித்துவிட்டுப் போனார்கள். சமையலறை அலமாரி முழுக்க மிட்டாய்தான்.

கிரெய்க் கார்க் கதவைச் சாத்துவதற்கு முன் கேட்டான். "பெவ், உண்மையாச் சொல்லு. உடம்பு எப்படி இருக்கு?"

"ஜம்முனு இருக்கேன்."

"தொண்டை?"

"அதுக்கென்ன. கேட்டா ஆப்பரா பாடுவேன். நீ கிளம்பு, மீனுக்குச் சளி பிடிச்சுக்கப் போவுது."

கடற்காற்று அடித்த வேகத்தில் அவள் குரல் கிசுகிசுப்பாக வந்ததை அவன் கவனித்தானா என்பது தெரியாது. சிரித்தான், கட்டிப்பிடித்தான், போனான். வழியில் பெட்ரோல் போட நிறுத்திய இடத்திலிருந்து தலைமை அலுவலகத்துக்கு ஒரு செய்தி அனுப்பினான். பெவர்லி குணமாகிவிட்டார், ஆட்குறைப்பு நோட்டீஸ் ஜூலையில் முடியும்வரை பக்கத்து ஊரான பிரெஸ்டனில் இருக்கும் கம்பெனி அரங்கத்தில் அவருக்கு வேலை போடலாம் என்று. நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினான். நோய்க்காலப் பணம் சொற்பம், வேலைக்குப் போனால் முழுச் சம்பளம் வருமே என்று நினைத்தான்.

பெவ்வுக்கு அது தெரியாது. எப்போதும் வேலைப் பட்டியலை அரங்கத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டுவார்கள். அந்தச் சுவரையே பூட்டியாகிவிட்டது. இனி பட்டியல் பிரெஸ்டன் சுவரில் தொங்கும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த ஓய்வுச் சீட்டு அரங்கம் மூடுவதற்கு முந்தின வாரமே முடிந்துவிட்டது. புதுச் சீட்டு வாங்கப் போகச் சொல்லி ஜனீன் நச்சரித்தாள். ஜனீன் அரங்கத்து டீ கவுண்ட்டரில் இருந்தவள், பெவ்வுக்கு எதிர்வீடு.

"எதுக்குடீ அந்த மனுஷனைப் போட்டுத் தொல்லை பண்ணணும்? என்னைவிட முடியாதவங்க அங்க உக்காந்திருப்பாங்க," என்றாள் பெவ்.

அதோடு விட்டுவிட்டாள்.

மே மாதம் பாதி போனபோது இரண்டு கடிதங்கள் ஒரே நாளில் வந்தன. பெவ் அவற்றைப் படித்துவிட்டு, தெருவைக் கடந்து ஜனீன் வீட்டு மேஜையில் போட்டாள். ஜனீன் கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள்.

முதலாவது கம்பெனியிடமிருந்து. பிரெஸ்டனில் போட்ட எந்த ஷிஃப்ட்டுக்கும் அவள் போகவில்லை. தகவலும் இல்லை, சீட்டும் இல்லை. விசாரணைக்கு வரவேண்டும். சரியான காரணம் இல்லாவிட்டால் ஒழுங்கு நடவடிக்கையாக வேலையிலிருந்து நீக்கப்படலாம்.

இரண்டாவது வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து. பெவ்வின் சம்பளத்துக்கு மேல் வாடகைக்காக அரசு ஒரு உதவித்தொகை தந்துகொண்டிருந்தது. சம்பளம் கூடினால் அது குறையும், சம்பளம் குறைந்தால் அது கூடும். கொஞ்ச நாள் முன்பு அங்கே ஆலிவர் என்ற பையன் அவளைக் கூப்பிட்டுப் பேசியிருந்தான். எப்படி இருக்கீங்க என்று கேட்டான். பிரமாதம் கண்ணு, நீ எப்படி இருக்கே என்று இவள் கேட்டாள். அவன் அதை அப்படியே பதிந்துவைத்துவிட்டான். இப்போது வேலை தேடவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். முதல் நேர்முகமும் ஏற்பாடு செய்திருந்தார்கள்.

ஜனீன் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். "கால் சென்டராம்டீ."

பெவ் சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. பிறகு அது நின்றது.

"ஜனீன், இவங்க என்னை நீக்கிட்டா?"

"நீக்கிட்டா ஆட்குறைப்புப் பணம் கிடையாது. பத்தொன்பது வருஷமும் போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் அங்க இருக்கானே உன் ஆலிவரு, நீயே உன் தப்பால வேலையை விட்டேன்னு எழுதி உதவிப் பணத்தையும் வெட்டுவான். வீட்டு வாடகைக்கு என்ன பண்ணுவே? மிட்டாயைக் கொடுப்பியா?"

பெவ்வின் வீடு கம்பளி நூல் விற்கிற கடைக்கு மேலே, மாடியில். ஜன்னலைத் திறந்தால் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் மலைகள் தெரியும். கணவன் கோலின் இருந்ததும் இறந்ததும் அங்கேதான். அந்த வீட்டை விடுவதைப் பற்றி அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது நினைத்தாள். நினைத்த கையோடு கோட்டை மாட்டினாள்.

"எங்க போறே?"

"லைப்ரரிக்கு. புதன்கிழமை அங்க யாரோ ஒரு பொண்ணு உக்காந்து இதுக்கெல்லாம் வழி சொல்லுதாம். வாய் இல்லாதவளா உக்காந்து அழுதுகிட்டிருக்க நான் ஆளில்ல. நீ வா, எனக்குப் பதிலா சத்தம் போட."

அந்தப் பெண் ரஷீதா பட்டேல். பிரெஸ்டனில் பிறந்து வளர்ந்தவள். குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, குழந்தைகள் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜையில் உட்கார்ந்திருந்தாள். கடிதங்களைப் படித்தாள். கிரெய்க்கிடம் என்ன சொன்னீர்கள், ஆலிவரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். பெவ் கிசுகிசுத்தாள். ரஷீதா நெற்றியில் கை வைத்தாள்.

"இந்தப் பக்கத்துல எல்லாருக்கும் இதே வியாதிதான். எங்கப்பா நெஞ்சு வலில ஆம்புலன்ஸ்ல படுத்துக்கிட்டு, டிரைவர்கிட்ட உங்க வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டாரு. சரி, இப்ப எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்லம்மா, சமாளிக்கிறேன்."

ரஷீதா பேனாவை மேஜையில் வைத்தாள். "பாத்தீங்களா?"

ஜனீன் வாய்விட்டுச் சிரித்தாள். அலமாரிக்கு அந்தப் பக்கம் இருந்த குழந்தை ஒன்று எட்டிப் பார்த்தது.

பிறகு ரஷீதா விவரமாகச் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொல்கிறவள். வேலையில் இருப்பவள் நோயில் கிடந்தால் கம்பெனி நோய்க்காலப் பணம் தரவேண்டும், அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். ஆட்குறைப்பு நோட்டீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது நோய் என்றால் கதை வேறு. பெவ்வின் ஒப்பந்தத்தில் சட்டம் சொல்கிற பன்னிரண்டு வார நோட்டீஸ்தான் இருக்கிறது, அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. அப்படிப்பட்டவளுக்கு நோட்டீஸ் காலத்தில் படுக்கையில் கிடந்தாலும் முழுச் சம்பளம் உண்டு. ஆட்குறைப்புப் பணமும் வழக்கமான வாரச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு, நோய்க்காலப் பணத்தை வைத்து இல்லை. அந்தப் பணம் கையில் வந்தால் அரசு அதைச் சேமிப்பு என்று பார்க்கும், ஆனால் பெவ்வுக்கு வரப்போகிறது அவர்கள் போட்டிருக்கிற வரம்புக்குக் கீழே. அதனால் உதவித்தொகை குறையாது. சம்பளம் மொத்தமாக வருகிற மாதத்தில் மட்டும் குறையும், அடுத்த மாதம் திரும்பி வரும்.

"எல்லாம் உங்க பக்கம்தான் இருக்கு," என்றாள் ரஷீதா. "ஒண்ணுதான் இல்ல. நீங்க நோயாளின்னு எங்கயும் இல்ல. டாக்டரால பின் தேதியிலருந்து சீட்டு எழுத முடியும். ஆனா அவர்கிட்ட நீங்க உண்மையைச் சொல்லணும். உங்க வாயால. முழுச் சம்பளத்தையும் நீங்களே கேக்கணும், கம்பெனிக்காரங்களா வந்து சொல்ல மாட்டாங்க."

அன்று மாலை ஜனீன் வீட்டுச் சமையலறையில் ஒத்திகை நடந்தது. அடுப்பில் உருளைக்கிழங்கு அடைத்த பேஸ்ட்ரி சூடாகிக்கொண்டிருந்தது. ஜனீன் கழுத்தில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு டாக்டராகிவிட்டாள்.

"வாங்க மிஸஸ் ஆஷ்வொர்த். எப்படி இருக்கீங்க?"

"நல்லாருக்கேன் டாக்டர். நீங்க?"

ஜனீன் கரண்டியால் மேஜையைத் தட்டினாள். "போச்சு. மறுபடி. எப்படி இருக்கீங்க?"

"அவ்வளவு மோசமில்ல..."

டொக். "மறுபடி."

"கொஞ்சம் தொண்டை..."

"கொஞ்சமா? காலைல பால்காரனைக் கூப்பிட ஜன்னல்ல கரண்டியால தட்டினியே, அது கொஞ்சமா? ராத்திரி எத்தனை தடவை இருமுறே? எனக்கு எதிர்வீட்டுக்குக் கேக்குது."

"அது ஏன்டீ வெளிய சொல்லணும்? ஒப்பாரி வைக்கிறவளாட்டம்."

"ஏன்னா உன் வீடு போவுது, கழுதை."

பெவ் எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள். ஆயிரம் பேருக்கு முன்னால் கொச்சையான ஜோக் அடிக்க அவளுக்குக் கூச்சம் இருந்ததில்லை. எனக்கு முடியவில்லை என்று ஒரு வாக்கியம் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை. கோலின் அடக்கத்தன்று வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் ஜம்முனு இருக்கேன் என்றுதான் சொன்னாள். அப்படித்தான் அவள் அம்மாவும் சொன்னாள்; தெருவே அப்படித்தான் சொல்லியது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். மேடையில் எண் சொல்வதற்கு முன் செய்வதுபோல நிமிர்ந்து மூச்சை இழுத்தாள்.

"எனக்கு விழுங்கினா வலிக்குது," என்றாள். "பேசினா கிழியற மாதிரி இருக்கு. என்னால வேலை பாக்க முடியல. குரல் வராமயே போயிடுமோன்னு பயமா இருக்கு."

ஜனீன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இதை ஏன்டீ என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"நீ கேட்டப்பல்லாம் டாக்டர் வேஷம் போடலியே," என்றாள் பெவ்.

மறுநாள் காலை கிளினிக் திறந்ததும் ஜனீன் போனில் காத்திருந்து நேரம் வாங்கினாள். டாக்டர் இளைஞர், களைத்த முகம். பெவ் உள்ளே போய் உட்கார்ந்ததும் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே எப்படி இருக்கீங்க என்றார். பெவ் வாயைத் திறந்தாள். ஜனீன் மேஜைக்கு அடியில் காலை நீட்டித் தயாராக இருந்தாள்.

"மோசமா இருக்கேன் டாக்டர்," என்றாள் பெவ்.

அவர் திரும்பிப் பார்த்தார். மீதியையும் சொன்னாள். அவர் தொண்டையைப் பார்த்தார், ஆஸ்பத்திரிக் குறிப்பைத் திறந்து படித்தார், இந்த நிலையில் நீங்கள் மைக்கைத் தொட்டிருந்தால் மறுபடி அறுக்கவேண்டி வந்திருக்கும் என்றார். பழைய சீட்டு முடிந்த நாளிலிருந்து ஜூலை வரைக்கும் எழுதினார்.

"முன்னாடியே வந்திருக்கலாமே?"

"உங்களுக்குத் தொல்லை கொடுக்க வேணாம்னு..."

ஜனீன் உதைத்தாள்.

கம்பெனி விசாரணை பிரெஸ்டன் அரங்கத்து மாடியில். கூடப் பணிபுரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம் என்பதால் ஜனீனும் வந்தாள். பெவ் உதட்டுச் சாயம் பூசி, மேடையில் போடுகிற நீல ஜாக்கெட்டைப் போட்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தவள் வெனெஸ்ஸா, தலைமை அலுவலகத்துக்காரி. மரியாதையான பேச்சு. மேஜை மேல் ஒரு புகைப்படத்தைத் திருப்பி வைத்தாள். மூடுவிழாவில் மேடையில் நின்று, இருபத்திரண்டு என்று எழுதிய அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பெவ் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல நல்லாத்தானே இருக்கீங்க? உதட்டுச் சாயமெல்லாம் போட்டு."

பெவ் பதில் சொல்ல அவசரப்படவில்லை. எண்ணைச் சொல்வதற்கு முன் எவ்வளவு நேரம் விடவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். வெனெஸ்ஸா முன்னால் சாய்ந்தாள்.

"உதட்டுச் சாயம் உதட்டுக்குங்க," என்று கிசுகிசுத்தாள் பெவ். "தொண்டைக்கு இல்ல. நான் ஏன் அட்டையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன்? எனக்குக் குரல் இருந்தா அட்டை எதுக்கு?"

வெனெஸ்ஸா படத்தை மறுபடி பார்த்தாள். அட்டையை அவள் அதுவரை கவனிக்கவே இல்லை போலிருந்தது.

பெவ் டாக்டர் சீட்டை நகர்த்தினாள். வெனெஸ்ஸா படித்துவிட்டு, மேலாளர் வேறு மாதிரி எழுதியிருக்கிறாரே என்றாள்.

"அவனையே கேளுங்களேன்," என்றாள் பெவ்.

வெனெஸ்ஸா போனை மேஜை நடுவில் வைத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போட்டாள். பின்னணியில் யாரோ எடை தூக்கிப் போடுகிற சத்தம் கேட்டது.

"ஆமா, ஜம்முனு இருக்கேன்னுதான் சொன்னா," என்றான் கிரெய்க். "ஏன்?"

வெனெஸ்ஸா விஷயத்தைச் சொன்னாள்.

"அய்யோ, பெவ். நான் எவ்வளவு பெரிய மடையன்! மேடம், இவ புருஷனை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கும் ஜம்முனு இருக்கேன்னுதான் சொன்னா. நான் பக்கத்துல நின்னேன். அதை வச்சு எதையும் எழுதியிருக்கக் கூடாது. நான் எழுதினது தப்பு. எங்க வேணா கையெழுத்துப் போடறேன்."

"மீன் எப்படி இருக்கு?" என்று கிசுகிசுத்தாள் பெவ்.

"என்ன?"

"மீன் எப்படி இருக்குன்னு கேக்கறா!" என்று ஜனீன் கத்தினாள்.

"ஒண்ணு போச்சு. மத்ததெல்லாம் நல்லாருக்கு."

வெனெஸ்ஸா போனை வைத்துவிட்டு, ஒழுங்கு நடவடிக்கை கைவிடப்படுகிறது என்றாள். விடுபட்ட நாட்களுக்கு நோய்க்காலப் பணம் சேர்த்துத் தரப்படும் என்றாள்.

"நோய்க்காலப் பணம் இல்ல," என்றாள் பெவ். இப்போதும் கிசுகிசுப்புதான், ஆனால் வெனெஸ்ஸா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "நோட்டீஸ் கொடுத்த நாள்லருந்து முழுச் சம்பளம். என் ஒப்பந்தத்துல சட்டம் சொல்ற நோட்டீஸ்தான் இருக்கு, எடுத்துப் பாருங்க. ஆட்குறைப்புப் பணமும் வழக்கமான வாரச் சம்பளத்துல. இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அவசரத்துல விட்டுப்போயிருக்கும்."

வெனெஸ்ஸா கணக்குப் பிரிவில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். அந்த வாரமே கடிதம் வந்தது. பெவ் கேட்டது அப்படியே இருந்தது.

வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கும் அவள் தானே போனாள். டாக்டர் சீட்டை ஆலிவர் முன் வைத்தாள். எப்படி இருக்கீங்க என்று அவன் கேட்டபோது, மோசம் என்று சொல்லிவிட்டு, அவன் முகம் போன போக்கைப் பார்த்து, அதுக்கு நீ ஒண்ணும் பண்ண வேணாம் கண்ணு, எழுதிக்கிட்டா போதும் என்றாள். கால் சென்டர் நேர்முகம் ரத்தானது. முழுச் சம்பளம் சேர்ந்து வந்த மாதம் உதவித்தொகை குறைந்தது. ரஷீதா சொல்லிவைத்திருந்ததால் அவள் பதறவில்லை, அந்தச் சம்பளத்திலேயே வாடகையை ஒதுக்கிவைத்தாள். அடுத்த மாதம் அது திரும்பி வந்தது. வாடகை ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

ஜூலையில் நோட்டீஸ் முடிந்து வேலையும் முடிந்தது. குரல் இலையுதிர் காலத்தில் திரும்பி வந்தது. பழைய குரல் இல்லை. அடித்தொண்டையிலிருந்து, பனிமூட்டத்தில் ஊதுகிற கப்பல் சங்கு மாதிரி ஒன்று. ஜனீன் அதைக் கேட்டுவிட்டு, கோலின் திரும்பி வந்துட்டானோன்னு பயந்துட்டேன் என்றாள். பெவ்வுக்கு அது பிடித்திருந்தது. மார்க்கெட்டில் ஒரு டீக்கடையில் பகுதிநேர வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் புல்வெளியில் பந்துருட்டி விளையாடுகிறவர்களின் கிளப்பில் எண் வாசித்தாள். அங்கே கூட்டம் சின்னது, வாத்துச் சத்தம் பெரியது.

ஒரு பழக்கம் மட்டும் அவளிடம் ஒட்டிக்கொண்டது. யாராவது வந்து கவுண்ட்டரில் சாய்ந்து பரவாயில்லை என்று சொன்னால், கெட்டிலை வைத்துவிட்டு அவர்களை நேராகப் பார்ப்பாள். "சரி, இப்ப நிஜத்தைச் சொல்லு," என்பாள். சிலர் சிரித்துவிட்டுப் போவார்கள். சிலர் உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தவர்களை அவள் புதன்கிழமை லைப்ரரிக்குத் துரத்துவாள்.

அதற்கு அடுத்த வருஷக் குளிர்காலமும் போய் வசந்தம் தலைகாட்டிய ஒரு காலை, கடையில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்திருந்த செய்தியைத் திறந்தாள்.

"பெவ், நான் கிரெய்க். ஜிம்மை மூடறாங்களாம், நோட்டீஸ் கொடுத்துட்டாங்க. முதுகு வேற பிடிச்சுக்கிட்டு, கிறிஸ்துமஸ்லருந்து படுக்கைதான். டாக்டர்கிட்டல்லாம் போகல, அவருக்கு எதுக்குத் தொல்லை. மீன்லாம் நல்லாருக்கு. சும்மா உன் ஞாபகம் வந்துச்சு. என்னைப் பத்திக் கவலைப்படாதே, நான் ஜம்முனு இருக்கேன்."